புகலிடம் நாடுவோருக்குச் சட்ட உதவி: கடலூர், புதுச்சேரிப் பகுதியில் யாரை முதலில் அணுகுவது?

இந்தியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையிலும் அதன் 1967ஆம் ஆண்டு நெறிமுறையிலும் கையெழுத்திடவில்லை; அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கு இயற்றப்படவில்லை. உயிருக்கு அஞ்சி ஓடி வந்தவரையும், விசாக் காலம் முடிந்த பிறகும் தங்கிவிட்ட சுற்றுலாப் பயணியையும் சட்டம் ஒரே வரிசையில்தான் நிறுத்துகிறது. புகலிடச் சட்டம் உள்ள நாடுகளில் விண்ணப்பம், நேர்காணல், மறுப்பு, மேல்முறையீடு என்று படிகள் இருக்கும். இலவச வழக்கறிஞர் எந்தப் படியில் கிடைப்பார் என்பதும் எழுதப்பட்டிருக்கும். எடுத்துக்காட்டாக, பிரான்சில் புகலிட விண்ணப்பம் மறுக்கப்பட்டவர் ஒரு மாதத்துக்குள் தேசியப் புகலிட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். அதற்கான இலவச வழக்கறிஞரை, மறுப்பு கையில் கிடைத்த 15 நாள்களுக்குள் கேட்க வேண்டும். நம் நாட்டில் அப்படி ஒரு பாதை இல்லாததால், இங்கு சட்ட உதவி என்பது வேறொரு விவகாரத்தோடு ஒட்டிக்கொண்டுதான் வரும்: ஒரு குற்ற வழக்கு, ஒரு நாடு கடத்தல் ஆணை, ஒரு குடியுரிமை விண்ணப்பம், ஊர் திரும்ப வேண்டிய ஒரு வெளியேற்ற அனுமதி.

கடலூரிலோ புதுச்சேரியிலோ வாழ்கிற, பணவசதி இல்லாத ஒருவருக்கு முன்னால் இன்று நான்கு வழிகள் உள்ளன: இலவச சட்ட உதவி தரும் அரசின் சட்டப்பணிகள் ஆணைக்குழு, ஐ.நா. அகதிகள் ஆணையமும் அதனோடு சேர்ந்து இயங்கும் சட்ட உதவி அமைப்புகளும், ஈழ அகதிகளிடையே நெடுங்காலமாகப் பணியாற்றும் தொண்டு அமைப்புகள், சொந்தமாக அமர்த்திக்கொள்ளும் வழக்கறிஞர். இவற்றில் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எந்தத் தாளால் சிக்கல் வந்திருக்கிறது என்று கேட்டால் விடை ஓரளவு தெளிவாகிவிடும். என் கணிப்பை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கைது, சிறை, சிறப்பு முகாம் (வழக்கில் சிக்கிய வெளிநாட்டவரை அடைத்து வைக்கும் இடம்), நாடு கடத்தல் என்று உடனடி ஆபத்து இருந்தால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கே முதலில் போக வேண்டும். மக்கள் அதைத்தான் கடைசியாக நினைத்துப் பார்க்கிறார்கள் என்பது வருத்தத்துக்குரியது. அகதி என்ற அங்கீகாரமே கேள்வியாக இருந்தால், அந்த ஆணைக்குழுவால் செய்யக்கூடியது குறைவு.

யார் வந்திருக்கிறார் என்பதைப் பொறுத்து

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் ஒரு பிரிவினையைச் செய்தாக வேண்டும். இலங்கைத் தமிழரின் பதிவு, உதவித்தொகை, முகாம் நிர்வாகம் அனைத்தையும் மத்திய அரசின் கொள்கைக்கு உட்பட்டு மாநில அரசே நடத்துகிறது; ஐ.நா. ஆணையம் அவர்களை அகதிகளாகப் பதிவு செய்வதில்லை. மியான்மர், ஆப்கானிஸ்தான், சோமாலியா போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்களின் நிலை இதற்கு நேர்மாறானது: அவர்களுக்கு அடையாள அட்டை தருவது ஐ.நா. ஆணையம்தான். ஆகவே குறிஞ்சிப்பாடி முகாமில் வாழும் ஒருவருக்குச் சொல்லும் அறிவுரையை, புதுச்சேரியில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் மியான்மர்க்காரருக்குச் சொன்னால் அவர் வீணாக அலைவார்.

இலங்கைத் தமிழருக்குள்ளும் இப்போது ஒரு கோடு விழுந்திருக்கிறது. 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம் உள்ளிட்ட நான்கு பழைய சட்டங்களை நீக்கிவிட்டு, குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம் 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. செல்லத்தக்க கடவுச்சீட்டோ பயண ஆவணமோ இல்லாமல் நுழைந்தால் 5 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது அந்தச் சட்டம். அதே வேளையில் வெளியான விலக்கு ஆணை ஒன்று, 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சமடைந்து அரசிடம் பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரை, கடவுச்சீட்டும் விசாவும் இல்லை என்பதற்கான தண்டனையிலிருந்து விடுவித்தது. 2022இல் இலங்கையின் பொருளாதாரம் சரிந்தபோது படகேறித் தனுஷ்கோடியில் வந்திறங்கியவர்கள் இந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். 1990இல் வந்து, இடையில் எப்போதோ பதிவு அறுந்துபோன குடும்பங்களும் உள்ளன. முகாமை விட்டுப் போய், வெளியே வாழ்வோர் காவல் நிலையத்தில் செய்யும் வெளிப்பதிவைப் புதுப்பிக்காமல் விட்டவர்கள், திருமணமாகி வேறு மாவட்டம் போனவர்கள் இதில் அடங்குவர். இவர்களுக்கு வழக்கறிஞர் செய்ய வேண்டிய முதல் வேலை நீதிமன்றத்தில் இல்லை. வட்டாட்சியர் அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் உள்ள பழைய பதிவேடுகளில் பெயரைத் தேடி எடுப்பதுதான்.

சட்டப்பணிகள் ஆணைக்குழு

சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987இல் இயற்றப்பட்டு 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் உள்ளது. இலவச சட்ட உதவிக்கு உரியவர் யார் என்று சொல்லும் அதன் 12ஆம் பிரிவு, ‘வழக்குத் தொடுக்கவோ எதிர்வழக்காடவோ வேண்டிய ஒவ்வொரு நபரும்’ என்றுதான் தொடங்குகிறது. குடிமக்களுக்கு மட்டும் என்று அது சொல்லவில்லை. மும்பைத் தாக்குதல் வழக்கில் தண்டிக்கப்பட்ட ஒரு பாகிஸ்தானியரின் மேல்முறையீட்டில் 2012இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், கைதானவர் நீதித்துறை நடுவர் முன் முதன்முறை நிறுத்தப்படும்போதே அவருக்கு இலவச வழக்கறிஞர் பெறும் உரிமை உண்டென்றும், அதை எடுத்துச் சொல்வது நடுவரின் கடமை என்றும் கூறியது. அந்த வழக்கிலேயே வெளிநாட்டவர் என்பது தடையாக இருக்கவில்லை என்றால், கடலூர் நீதிமன்றத்தில் நிறுத்தப்படும் ஓர் அகதிக்கு அது தடையாக இருக்க முடியாது.

பெண்கள், குழந்தைகள், காவலில் உள்ளவர்கள், மாற்றுத்திறனாளிகள், ஆள்கடத்தலுக்கு ஆளானவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு கிடையாது. அதே பிரிவில், பேரிடராலோ இன வன்முறையாலோ தம் பிழையின்றி வறுமைக்குத் தள்ளப்பட்டவர் என்றொரு வகையும் உண்டு. 1983 ஜூலைக்குப் பின் வந்த குடும்பங்களுக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை போலப் பொருந்தும். ஆனால் விண்ணப்பப் படிவத்தில் அந்தக் கட்டத்தில் குறியிடுவோர் அரிது. பெரும்பாலும் வருமானம் என்ற கட்டத்தில் குறியிட்டுவிட்டு, வருமானச் சான்றிதழுக்காகக் கிராம நிர்வாக அலுவலரிடம் அலைகிறார்கள். உண்மையில் வருமானத்தைப் பற்றி விண்ணப்பதாரர் தரும் உறுதிமொழி ஆவணத்தையே ஏற்கலாம் என்று அந்தச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது.

இந்த வழியின் சிறப்பு நீதிமன்றத்தோடு முடிந்துவிடுவதில்லை. சட்டப் பணி என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்தில், நீதிமன்றத்தில் மட்டுமன்றி வேறு அதிகார அமைப்புகளின் முன்னும் நடக்கும் நடவடிக்கைகளும், எந்தச் சட்டப் பொருள் குறித்தும் தரும் ஆலோசனையும் அடங்கும். ஆகவே மாவட்டத்தில் வெளிநாட்டவர் பதிவு அலுவலராகவும் உள்ள காவல் கண்காணிப்பாளருக்கோ, மாவட்ட ஆட்சியருக்கோ, மறுவாழ்வுத் துறைக்கோ எழுத வேண்டிய முறையீட்டைத் தயாரித்துத் தரும்படியும் கேட்கலாம். மத்திய உள்துறை அமைச்சகம் 2011 டிசம்பரில் வகுத்த நடைமுறையின்படி, தாம் அகதி என்று கூறும் வெளிநாட்டவர், இனம், மதம், பாலினம், தேசியம், அரசியல் கருத்து முதலியவற்றின் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்று அஞ்சுவதற்குத் தக்க அடிப்படை இருந்தால், நீண்டகால விசாவுக்குப் பரிந்துரைக்கப்படலாம். அந்த விசா தனியார் துறையில் வேலை செய்யவும் படிக்கவும் இடம் தருவது. பதிவு அலுவலருக்குப் போகும் முதல் கடிதத்திலேயே இந்த நடைமுறையைச் சுட்டிக்காட்டி, அச்சத்துக்கான காரணங்களைத் தேதியோடும் ஊரோடும் எழுதினால், கோப்பு ‘சட்டவிரோதமாகத் தங்கியவர்’ என்ற ஒற்றை வரியில் தொடங்குவதைத் தவிர்க்க முடியும்.

நம்பகத்தன்மை குறித்து முகாம்களில் ஒரு தயக்கம் உண்டு: இதுவும் அரசு அலுவலகம்தானே, சொன்னதெல்லாம் காவல்துறையின் உளவுப் பிரிவான க்யூ பிரிவுக்குப் போய்விடாதா என்பது. அச்சம் இயல்பானது, ஆனால் அமைப்பு அப்படி இல்லை. மாவட்ட ஆணைக்குழுவின் தலைவர் முதன்மை மாவட்ட நீதிபதி. செயலாளரும் நீதித்துறையைச் சேர்ந்தவர். அதை நடத்துவது காவல்துறை அன்று. மேலும், ஆணைக்குழு நியமிக்கும் பேனல் வக்கீல் ஒரு வழக்கறிஞர் என்பதால், கட்சிக்காரர் அவரிடம் சொன்னதை அவருடைய சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்று பாரதிய சாட்சிய சட்டத்தின் 132ஆம் பிரிவு தடை விதிக்கிறது. வழக்கறிஞரின் மொழிபெயர்ப்பாளருக்கும் எழுத்தருக்கும் அதே தடை உண்டு. தொண்டு நிறுவனப் பணியாளரிடமோ, முகாம் தலைவரிடமோ, உதவ வந்த நண்பரிடமோ சொன்னதற்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. தப்பி வந்த கதையில் இயக்கத் தொடர்போ, போலி ஆவணமோ, முகவருக்குக் கொடுத்த பணமோ இருந்தால், அதை முதன்முதலில் யாரிடம் சொல்வது என்பதை இந்த வேறுபாட்டை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். சட்டத்தில் இந்தப் பிரிவு இருப்பது பலருக்கும் தெரிவதில்லை; நான்கு வழிகளையும் எடைபோடும்போது கட்டணத்துக்கு அடுத்தபடியாக நான் இதையே வைப்பேன்.

குறைகளும் உண்டு, சிறியவை அல்ல. பேனல் வக்கீல்கள் பெரும்பாலும் குடும்ப வழக்கு, ஜாமீன், நில வழக்கு, விபத்து இழப்பீடு ஆகியவற்றில் பழகியவர்கள். புகலிடம் சார்ந்த முன்தீர்ப்புகள் பலருக்குப் புதியவை. 1996இல் அருணாசலப் பிரதேசச் சக்மா மக்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசமைப்பின் 21ஆம் பிரிவு குடிமக்கள் அல்லாதோரின் உயிரையும் காக்கிறது என்று கூறியதையும், 1992இல் பழ.நெடுமாறன் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், இலங்கைத் தமிழர் தம் விருப்பத்தோடுதான் திரும்பிச் செல்கிறார்களா என்று பார்க்கும் பொறுப்பு ஐ.நா. ஆணையத்திடம் இருப்பதைக் கருத்தில் கொண்டதையும் நாமே ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கலாம். இன்னொன்று, வெளிநாட்டவர் கைதானால் அவருடைய நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்வது வழக்கமான உதவியாகக் கருதப்படுகிறது; 1963ஆம் ஆண்டின் தூதரக உறவுகள் குறித்த வியன்னா உடன்படிக்கையின்படி அது கைதானவர் கேட்டால் மட்டுமே செய்ய வேண்டியது. சொந்த நாட்டு அரசுக்கு அஞ்சி வந்தவருக்கு அந்தத் தகவலே ஆபத்தாகலாம். எனவே, தூதரகத்துக்குச் சொல்ல வேண்டாம் என்பதை முதல் சந்திப்பிலேயே வக்கீலிடம் தெளிவாகக் கூறிவிடுவது நல்லது.

ஐ.நா. ஆணையமும் அதன் கூட்டாளிகளும்

மியான்மர், ஆப்கானிஸ்தான் போன்ற நாட்டவருக்கு இது தவிர்க்க முடியாத வழி. பதிவும் அகதி நிலையைத் தீர்மானிக்கும் நேர்காணலும் டெல்லி அலுவலகத்தை மையமாகக் கொண்டவை. சென்னையில் உள்ள அலுவலகத்தின் பணி பெருமளவு இலங்கைத் தமிழர் விருப்பத்தோடு நாடு திரும்புவதோடு தொடர்புடையது. டெல்லியில் ஐ.நா. ஆணையத்தோடு இணைந்து சட்ட உதவி தரும் சமூக-சட்டத் தகவல் மையமும், புகலிடம் நாடுவோரை நேர்காணலுக்குத் தயார் செய்வதையே சிறப்புப் பணியாகக் கொண்ட குடிபெயர்வு மற்றும் புகலிடத் திட்டம் என்ற அமைப்பும் உள்ளன. இந்தத் துறையில் இவர்களுக்கு இருக்கும் அறிவு, நம் மாவட்டத்தில் எந்த அலுவலகத்திலும் எதிர்பார்க்க முடியாதது. நேர்காணலில் எதைக் கேட்பார்கள், முரண்பாடு போலத் தோன்றும் தேதிகளை எப்படி விளக்குவது, மறுப்பு வந்தால் மேல்முறையீட்டில் எதை அழுத்த வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும்.

ஆனால் தொலைவு ஒரு செலவு. பதிவு இல்லாதவர் ரயிலேறி டெல்லி போவதிலேயே கைதாகும் வாய்ப்பு இருக்கிறது. போகும் முன் தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ தொடர்பு கொண்டு, சந்திப்புக்கான உறுதிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொள்வது உதவும். அதைவிட முக்கியமாக, ஐ.நா. அட்டைக்கு நம் சட்டத்தில் கட்டாய மதிப்பு இல்லை என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். அதைப் பார்த்துக் காவலர் விட்டுவிடுவதும் உண்டு, வழக்குப் பதிவதும் உண்டு. 2021இல் ஜம்முவில் தடுத்து வைக்கப்பட்டிருந்த ரோகிங்கியாக்களை நாடு கடத்துவதற்குத் தடை விதிக்க உச்ச நீதிமன்றம் மறுத்தது; சட்டப்படியான நடைமுறையைப் பின்பற்றாமல் அனுப்பக் கூடாது என்பதோடு நின்றுகொண்டது. ஆகையால் அட்டை உள்ளவரும் கைதாகிவிட்டால் மீண்டும் மாவட்ட ஆணைக்குழுவிடம்தான் வர வேண்டியிருக்கும்; டெல்லியில் உள்ள வழக்கறிஞர் கடலூர் நடுவர் நீதிமன்றத்துக்கு மறுநாள் காலை வந்து நிற்க முடியாது. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதே சரி: டெல்லி அமைப்பிடமிருந்து அகதி நிலை குறித்த கடிதத்தையும் முன்தீர்ப்புகளையும் பெற்று, இங்குள்ள பேனல் வக்கீலிடம் சேர்ப்பது.

புதுச்சேரியில் மட்டும் கேள்விப்படும் ஒரு எண்ணத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் போய்ப் புகலிடம் கேட்கலாம் என்று சிலர் நம்புகிறார்கள். பிரான்சில் புகலிட விண்ணப்பம் அந்நாட்டு மண்ணில் கால் வைத்த பிறகே கொடுக்கத்தக்கது. அந்த வாசலில் செலவிடும் நேரம் வீண். அந்த நம்பிக்கையைப் பயன்படுத்திப் பணம் கறக்கும் முகவர்களால் வரும் இழப்பு நேரத்தோடு நிற்பதில்லை.

தொண்டு அமைப்புகள்

1984இல் சா.செ.சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், இயேசு சபையின் அகதிகள் பணி ஆகியவை தமிழ்நாட்டு முகாம்களில் பல பத்தாண்டுகளாக இயங்குகின்றன. பிறப்புப் பதிவு, இலங்கைக் குடியுரிமைக்கான தூதரகப் பதிவு, நாடு திரும்புதல், கல்வி ஆகியவற்றில் இவர்களுக்குள்ள பழக்கம் வேறு யாருக்கும் இல்லை. முகாமில் பிறந்த பிள்ளையின் பிறப்பை இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிவு செய்ய எந்தச் சான்று, எந்த வடிவத்தில் வேண்டும் என்று ஒரு வழக்கறிஞரைக் கேட்டால் அவரும் இவர்களிடம்தான் விசாரிப்பார். ஊர் திரும்ப முடிவு செய்தவருக்கு, தங்கியிருந்த காலத்துக்கான அபராதம், வெளியேற்ற அனுமதி, ஐ.நா. ஆணையத்தின் பயண உதவி என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும் வேலைகளுக்கு இதுவே உகந்த வழி. வழக்குத் தேவையே இல்லாமல் முடிந்துவிடும்.

இந்தியாவிலேயே தங்கிக் குடியுரிமை கேட்பவருக்கு நிலைமை வேறு. இங்கே தொண்டு அமைப்பு ஆவணங்களைத் திரட்டித் தரலாம், வழக்கை நடத்தித் தருவது அதன் முதன்மைப் பணியன்று. நாடு திரும்புதல், இங்கேயே இருத்தல் என்ற இரண்டில் ஓர் அமைப்பின் சாய்வு எந்தப் பக்கம் என்பதையும் அறிந்துகொண்டே ஆலோசனை கேட்க வேண்டும்; சாய்வு இருப்பது குற்றமில்லை, அது தெரியாமல் இருப்பதுதான் சிக்கல்.

சொந்த வழக்கறிஞர்

குடியுரிமை என்ற ஒன்றில் மட்டும், பணம் திரட்ட முடிந்தால், இந்த வழியை நான் முன்னால் வைப்பேன். காரணம், இது ஆவணங்களும் தேதிகளும் அடுக்கடுக்காக வரும் நெடிய வேலை. இந்தியாவில் 1987 ஜூலை 1க்கு முன் பிறந்தவர், பெற்றோர் யாராயினும் பிறப்பால் குடிமகன் என்கிறது 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண், மருத்துவமனைப் பிறப்புச் சான்றோடு இதைச் சுட்டிக்காட்டிய பிறகே, 2022இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவருக்குக் கடவுச்சீட்டு வழங்க ஆணையிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். 1983 ஜூலைக்கும் 1987 ஜூன் 30க்கும் இடையில் இங்கு பிறந்த எவரும் இதே வாதத்தை வைக்கலாம். ஆனால் அவர்களுடைய பிள்ளைகளுக்கு அது தானாகப் போய்ச் சேராது. 2004 டிசம்பர் 3க்கு முன் பிறந்த பிள்ளைக்குப் பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தால் போதும். அதன் பிறகு பிறந்த பிள்ளைக்கு மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இருக்கக் கூடாது என்ற நிபந்தனையும் சேர்கிறது. தாய்க்குக் கிடைத்த கடவுச்சீட்டு, தந்தை முகாம் அகதியாக இருப்பதால் பிள்ளைக்குக் கிடைக்காமல் போவதை விளக்க, இந்தப் பிரிவுகளில் ஊறிய வழக்கறிஞர் தேவை.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போன இந்தியத் தமிழரின் வழிவந்த மலையகத் தமிழருக்கு மற்றொரு வாதம் உண்டு. அவர்கள் குடியுரிமைக்குப் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்றும் மத்திய அரசு அதைப் பரிசீலிக்க வேண்டும் என்றும் 2019இல் மதுரைக் கிளை கூறியது. அவர்களின் குடியுரிமையைப் பற்றிய 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தக் காலத்துத் தாள்கள் ஏதேனும் வீட்டில் இருந்தால், அவற்றைப் பூச்சி அரிப்பதற்கு முன் சான்றிட்ட நகல் எடுத்துவிடுவது நல்லது. எனினும், 2025 மே மாதத்தில் தண்டனைக் காலம் முடிந்த ஓர் இலங்கைத் தமிழர் இங்கேயே தங்க அனுமதி கேட்டபோது, உலகெங்கிலுமிருந்து வருவோரைத் தங்கவைக்க இந்தியா சத்திரமன்று என்ற பொருள்படக் கூறி உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்ததையும் கட்சிக்காரரிடம் சொல்லாமல், வென்றுவிடலாம் என்று மட்டும் சொல்கிற வழக்கறிஞரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். குடியுரிமை கிடைத்தால் இவ்வளவு என்று வெற்றியோடு பிணைத்துக் கட்டணம் பேசுவது வழக்கறிஞர் மன்ற விதிகளுக்கே முரணானது. அப்படிப் பேசுபவர் வழக்கறிஞர்தானா, இடைத்தரகரா என்று பதிவு எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

காலாப்பட்டில் உள்ள அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி போன்ற இடங்களின் சட்ட உதவி முயற்சிகளைத் தனி வழியாக நான் எண்ணவில்லை. மாணவர்கள் மனு எழுதவும் தகவல் உரிமைச் சட்டத்தில் பழைய பதிவேட்டின் நகல் கேட்கவும் நன்றாகவே உதவுவார்கள், வழக்காட முடியாது.

எல்லைக் குழப்பம்

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே 25 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் காவல்துறை, வெளிநாட்டவர் பதிவு அலுவலர், சட்டப்பணிகள் ஆணைக்குழு அனைத்தும் வேறு. காலாப்பட்டைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் கீழ்ப்புத்துப்பட்டு முகாமின் மக்கள் வேலைக்கும் மருத்துவத்துக்கும் புதுச்சேரிக்குத்தான் வருகிறார்கள். முகாமோ விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. அவர்களில் ஒருவர் புதுச்சேரி நகரில் கைதானால் வழக்கு புதுச்சேரி நீதிமன்றத்திலும், அவருடைய முகாம் பதிவு விழுப்புரம் மாவட்டத்திலும், உதவித்தொகைக் கோப்பு சென்னையிலும் இருக்கும். சட்ட உதவிக்கு, வழக்கு எங்கோ அந்த இடத்து ஆணைக்குழுவே பொறுப்பு என்பதால், அவருக்காகப் புதுச்சேரி ஒன்றியப் பிரதேச சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுக வேண்டும். அவர் காலாப்பட்டு மத்தியச் சிறைக்கு அனுப்பப்பட்டால் சிறைக்குள் உள்ள சட்ட உதவி மையம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். கடலூரில் கைதாகிக் கேப்பர் மலை மத்தியச் சிறைக்குப் போனவருக்குக் கடலூர் மாவட்ட ஆணைக்குழு. சிதம்பரம், விருத்தாசலம், பண்ருட்டி நீதிமன்றங்களில் வழக்கு என்றால் அங்குள்ள வட்ட சட்டப்பணிகள் குழு. எதுவும் புரியாத வேளையில் 15100 என்ற தேசிய உதவி எண்ணில் கேட்டால் உரிய அலுவலகத்தைச் சொல்வார்கள்.

உயர் நீதிமன்றம் என்று வரும்போது கடலூரும் புதுச்சேரியும் ஒன்றாகிவிடுகின்றன, இரண்டுக்கும் சென்னைதான். அங்கே உயர் நீதிமன்ற சட்டப்பணிகள் குழு தனியாக உள்ளது. மாவட்ட ஆணைக்குழுவிடம் கொடுத்த விண்ணப்பத்தை அங்கே அனுப்பிவைக்கும்படி கேட்கலாம். ஆனால் ஒருவர் திருச்சி சிறப்பு முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டுவிட்டால், திருச்சி மதுரைக் கிளையின் எல்லைக்குள் வருவதால், மதுரையில் உள்ள சட்டப்பணிகள் குழுவையும் தெரிந்து வைத்திருக்க வேண்டியுள்ளது. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. சிறப்பு முகாம் சிறையன்று என்பது அரசின் நிலைப்பாடு. அதை வைத்து, காவலில் உள்ளவர் என்ற தகுதியை ஓர் அலுவலகம் கேள்வி கேட்கலாம். அந்த வாதத்தில் நாள்களைக் கழிப்பதற்குப் பதில், மனைவியோ தாயோ தம் பெயரில் ஆட்கொணர்வு மனுவோ வேறு நீதிப்பேராணை (ரிட்) மனுவோ தாக்கல் செய்ய உதவி கேட்டால், பெண் என்ற தகுதியிலேயே வருமானக் கேள்வியின்றி விண்ணப்பம் ஏற்கப்படும்.

விண்ணப்பம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். மறுப்பை எதிர்த்து ஆணைக்குழுவின் தலைவரிடம் மேல்முறையீடு செய்ய இடமுண்டு. நியமிக்கப்பட்ட வக்கீல் வாய்தாவுக்கு வரவில்லை, பணம் கேட்கிறார், அல்லது கட்சிக்காரர் சொல்வதைக் கேட்கவே நேரம் ஒதுக்கவில்லை என்றால் செயலாளருக்கு எழுதி வேறொருவரைக் கோரலாம். இலவச சட்ட உதவியில் நியமிக்கப்பட்டவர் கட்சிக்காரரிடம் எந்தத் தொகையும் வாங்கக் கூடாது. அந்தக் கடிதத்தில் வழக்கு எண், அடுத்த வாய்தாத் தேதி, காவலில் உள்ளவரானால் சிறையின் பெயர் ஆகிய மூன்றும் முதல் பத்தியிலேயே இருந்தால், மாற்று வக்கீல் அடுத்த வாய்தாவுக்கு முன்பே கோப்பைக் கையில் வாங்கிவிட முடியும்.